எதிர்க்கட்சித் தலைவர் பற்றி ஆறாம் எண் சொன்னது

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இதைக் கதையாக எழுத நான் உட்காரவில்லை. கட்டுரை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

ஹட்டன் கடைத்தெருவில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் ஆங்கில வகுப்பு நடத்துகிறவன் நான். கூடவே ஒரு சிறு மாத இதழுக்கு வெளிநாட்டு அரசியல் பக்கமும் எழுதுகிறேன். வெளிநாட்டுக்கு நான் போனதில்லை. அந்தப் பக்கத்தை எழுத அது இதுவரை தடையாக இருந்ததுமில்லை. போன மாதம் இதழாசிரியர் ஒரு தலைப்புச் சொன்னார்: பிரித்தானியாவின் புதிய எதிர்க்கட்சித் தலைவர் எப்படிச் செய்கிறார்? இரண்டு பக்கத்துக்குள் முடித்துவிடுங்கள் என்றார்.

நான் தொடங்கினேன்: 'பதவியேற்று எட்டு மாதங்கள் கடந்துள்ள நிலையில், புதிய தலைவரின் செயற்பாடு குறித்து மக்கள் மத்தியில் —'

அந்தக் கோட்டோடு பேனா நின்றுவிட்டது. மக்கள் மத்தியில் என்ன? எந்த மக்கள்? அவர்கள் சொன்னதை யார் கேட்டார்கள்? பேக்கரி மாடியில் இருக்கிற எனக்கு அது எப்படிக் கேட்டது?

அந்த வாரம்தான் றொசானா வந்தாள். பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு என் வகுப்பில் மூன்றாவது வாங்குப் பலகையில் இருந்து படித்தவள். பாடம் முடியும்வரை பின்னால் இருந்தாள். பிள்ளைகள் இறங்கிப் போனதும் நடந்ததைச் சொன்னாள். அந்த மக்கள் சொன்னதைக் கேட்டவள் அவள். வட்டகொடையில் இருந்துகொண்டே கேட்டிருக்கிறாள்.

எழுதலாமா என்று கேட்டேன். "பேர மாத்திட்டு எழுதுங்க சார்," என்றாள். கொஞ்சம் யோசித்தாள். "நான் அழுதேன்னு மட்டும் போட்றாதீங்க. நான் அழல."

ஆகவே றொசானா என்பது அவள் பெயரல்ல. எதிர்க்கட்சித் தலைவருக்கு நான் பெயரே வைக்கவில்லை. பத்திரிகையில் படம் வருகிற யாரையும் அந்த நாற்காலியில் உட்காரவைத்துப் பார்க்காதீர்கள். அவரும் அவர் கட்சியும் என் கற்பனை. ஆணா பெண்ணா என்றும் சொல்லப்போவதில்லை. தமிழில் 'அவர்' என்று ஒரு நல்ல சொல் இருக்கிறது. அதற்குள் ஒருவரை வசதியாக மறைத்துவைக்கலாம்.

2

முதல் தொடக்கம்: 'பனி படர்ந்த மலைச்சரிவில் கூடை சுமந்த பெண்கள் வரிசையாக —'

இல்லை. றொசானா ஒரு நாளும் கூடை சுமந்ததில்லை. மலையகம் என்று எழுதிவிட்டால் கை தானாகவே பனியைக் கூப்பிட்டுவிடுகிறது.

இரண்டாம் தொடக்கம்: 'லண்டன் பாராளுமன்றத்தில் மணி பன்னிரண்டு அடிக்க, புதிய தலைவர் எழுந்து —'

இதுவும் இல்லை. எழுந்து என்ன செய்தார் என்று எனக்குத் தெரிந்ததெல்லாம் கைத்தொலைபேசியில் பார்த்த இரண்டு நிமிடத் துண்டுகள்.

மூன்றாவது தடவை ஒரு கம்பளியில் தொடங்குகிறேன். இது நிற்கும் என்று நினைக்கிறேன்.

வட்டகொடை ரயில் நிலையத்துக்கு மேலே இருக்கிறது றொசானாவின் வீடு. அதன் பின்னறை ஜன்னலுக்கு அவள் ஒரு தடித்த கம்பளியை ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்தாள். வெளியே கொழுந்து லொறி, கோழிகள், பக்கத்து வீட்டு டீவி. இவை எதுவும் உள்ளே வரக்கூடாது. உள்ளே ஒரு மேசை, ஒரு லெப்டொப், காதை முழுதாக மூடுகிற ஒரு ஹெட்போன். லண்டனில் இருக்கும் சிறிய ஆய்வு நிறுவனம் ஒன்று ஒலிப்பதிவுகளை அனுப்பும். அவற்றைக் கேட்டு, பேசியதை ஒரு சொல் விடாமல் தட்டச்சு செய்து அனுப்புவது அவள் வேலை. நிறுவனத்தில் அவளுக்குத் தெரிந்த ஒரே ஆள் ஹெலன். வேலை கொடுப்பவள் ஹெலன், சரிபார்ப்பவளும் அவளே.

இங்கே இன்னும் இரண்டு பேரைச் சொல்லிவிட வேண்டும்.

ஒருத்தி நிஷாந்தி. பக்கத்து வீட்டுக்காரி, றொசானாவைவிட நாலு வயது இளையவள். மகளைத் தாயிடம் விட்டுவிட்டு இரண்டு வருடம் கொழும்பில் ஆடைத் தொழிற்சாலையில் நின்றவள். றொசானா இந்த வேலையைப் பழக்கிக் கொடுத்ததும் திரும்பி வந்துவிட்டாள். இப்போது மகளைத் தானே பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போகிறாள்.

மற்றவன் றொசானாவின் கணவன் ஜூட்சன். பொகவந்தலாவைப் பக்கம் பழைய தோட்டத் துரை பங்களா ஒன்று வெள்ளைக்காரப் பயணிகள் தங்கும் ஹோட்டலாகியிருக்கிறது. அங்கே மேசைக்குப் பரிமாறுகிறவன். பத்து நாளுக்கு ஒரு முறை இரண்டு நாள் லீவில் வருவான்.

[இந்த இடத்தில் ஒரு பத்தி இருந்தது. அதில் ஜூட்சன் குடித்துவிட்டு வந்து லெப்டொப்பைத் தள்ளிவிடுகிறான். கதைக்கு ஒரு தொல்லை வேண்டுமே என்று நானாகப் போட்டது. றொசானா அதைப் படித்துவிட்டு, "அவரு சோடா குடிச்சாலே தும்முவாரு சார்," என்று சிரித்தாள். எடுத்துவிட்டேன். ஒரு மனிதனை நம்ப எனக்கு ஏன் இவ்வளவு நேரம் பிடித்தது என்று தெரியவில்லை.]

3

எதிர்க்கட்சித் தலைவரின் வேலை என்ன? கட்டுரைக்காகச் சேர்த்ததில் கொஞ்சத்தை இங்கே போட்டுக்கொள்கிறேன். வீணாகப் போகக்கூடாது.

ஆட்சி அவர் கையில் இல்லை. சட்டம் போட முடியாது, பாலம் கட்ட முடியாது, யாருக்கும் வேலை கொடுக்க முடியாது. புதன்கிழமை நண்பகல் பிரதமரிடம் ஆறு கேள்வி கேட்கலாம். இங்கே அது மாலை நாலரை. பிரதமரைத் திக்குமுக்காட வைத்தால் அவருடைய ஆட்களே மேசை தட்டாத குறையாகக் கூச்சல் போடுவார்கள். இல்லையென்றால் அதே ஆட்கள் அடுத்த தலைவர் யார் என்று தாழ்வாரத்தில் பேசத் தொடங்குவார்கள். மற்ற நாட்களில் அவர் செய்வது ஒன்றுதான்: நாளைக்கு இந்த நாட்டை இவரிடம் கொடுக்கலாம் என்று ஊரை நம்பவைப்பது. அதை எப்படி அளப்பது? சனங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்பதுதான் வழி.

அப்படிக் கேட்டதுதான் றொசானாவுக்கு வந்த ஒலிப்பதிவுகள். ஒன்பது ஊர், ஊருக்கு எட்டுப் பேர், எழுபத்திரண்டு குரல். பெயர் கிடையாது, எண் மட்டும். புதிய தலைவர் எப்படிச் செய்கிறார் என்று கேட்டதற்கு முதல் ஊரின் முதல் ஆள் சொன்ன பதில், "யார்?"

நாலாவது ஊரில் ஆறாம் எண் ஒரு பெண்மணி. ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. பேசும்போது சளியை விழுங்கி விழுங்கிப் பேசுவாள். இரண்டாவது எண்காரர் ஓயாமல் குறுக்கிடுவார். அவர் முடிக்கும்வரை பொறுத்திருந்து, விட்ட இடத்திலிருந்து தொடருவாள். றொசானாவுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. பதிவை நிறுத்திவிட்டுத் தேநீர் வைக்கப் போனாலும் அந்தக் குரல் காதில் நிற்குமாம். ஆறாம் எண் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன், குறை இருந்தால் என்னுடையது: "எங்கள் வார்டுக்குப் புதிதாக வந்த மேற்பார்வையாளரைப் போலத்தான் இவரும். அறையில் எது அழுக்கு என்று சரியாகச் சொல்கிறார். துடைப்பத்தை எடுப்பாரா என்று இன்னும் தெரியவில்லை." அதற்குப் பிறகு, எப்படித்தான் செய்கிறார் என்று திரும்பவும் கேட்டபோது, ஒரு சிறு இடைவெளி விட்டு, "குவைட் குட், என்று நினைக்கிறேன்."

தமிழாக்காமல் விட்ட இந்தக் 'குவைட்' கதையில் முக்கியம்.

4

அந்தத் தடவை ஹெலன் புதிதாக ஒரு பொறுப்பும் கொடுத்திருந்தாள். தட்டச்சு செய்தால் போதாது, ஒவ்வொருவர் கருத்தையும் ஐந்து பெட்டிகளில் ஒன்றில் போட வேண்டும். மிக நன்று, நன்று, பரவாயில்லை, மோசம், படுமோசம். மூன்று வருடமாகப் பிழையில்லாமல் செய்கிறாய், இதையும் நீயே செய் என்று எழுதியிருந்தாள். தட்டச்சு வேலையை இனி மெஷினே செய்துவிடும் என்று அந்த வருடம் முழுக்கப் பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. பெட்டி வேலை கைக்கு வந்ததில் றொசானாவுக்கு ஒரு பிடிமானம் கிடைத்தது மாதிரி இருந்தது. ஆறு ஊரைத் தான் வைத்துக்கொண்டு மூன்று ஊரை நிஷாந்தியிடம் கொடுத்தாள். எந்தச் சொல் எந்தப் பெட்டிக்குப் போகும் என்று ஒரு தாளில் எழுதியும் கொடுத்தாள்.

அந்தத் தாளின் முதல் வரி: 'குவைட் குட்' என்றால் மிக நன்று.

* இந்த வரியை எழுதிவிட்டு இரண்டு நாள் நான் வேறு எதுவும் எழுதவில்லை. 'குவைட்' என்றால் 'முற்றாக' என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். 'குவைட் ஷுவர்' என்றால் முற்றாக நிச்சயம் என்று கரும்பலகையில் எழுதி அடிக்கோடும் போட்டேன். அதில் பிழையில்லை. ஆனால் 'நிச்சய'த்தோடு சேரும்போது முழுதாக நிற்கிற அதே சொல், 'நன்று' என்பதோடு சேர்ந்தால் பிரித்தானியர் வாயில் பாதியாகத் தேய்ந்துவிடும் என்று எனக்கே தெரியாது. தெரியாததை அடிக்கோடு போட்டுக் கற்பித்திருக்கிறேன்.

முடிவு ஹெலனுக்குப் போயிற்று. எழுபத்திரண்டு பேரில் முப்பத்தெட்டுப் பேர் 'மிக நன்று'. இரண்டு நாள் கழித்து ஹெலன் எழுதினாள். இந்த ஆய்வைச் செய்யச் சொன்னவர்கள் அந்தக் கட்சிக்குள்ளேயே ஒரு குழுவாம். தலைவரை வைத்திருப்பதா மாற்றுவதா என்று அவர்களுக்குள் இழுபறியாம். இந்த எண்களைப் பார்த்தால் மாற்றச் சொல்கிறவர்கள் வாயடைத்துப்போவார்கள், வியாழன் பகல் ஒரு மணிக்கு அறிக்கையை அனுப்புகிறேன் என்று எழுதியிருந்தாள்.

றொசானா அதை நிஷாந்திக்குப் படித்துக்காட்டினாள். இரண்டு பேரும் அன்று கொஞ்சம் பெருமையாகவே இருந்தார்கள்.

5

வியாழக்கிழமை காலை ஜூட்சன் லீவில் வந்தான். பதினொன்றரைக்கெல்லாம் பசிக்கிறது என்றான். றொசானா ரொட்டி சுட்டு, கட்டச் சம்பல் இடித்து, முதல்நாள் மீன் குழம்பைச் சூடாக்கி வைத்தாள். இரண்டு வாய் சாப்பிடவிட்டு, விளையாட்டாக ஆங்கிலத்தில், எப்படியிருக்கிறது என்று கேட்டாள்.

அவன் முதுகை நிமிர்த்தி, இல்லாத துவாலையால் உதட்டை ஒற்றி, அவனுடைய ஹோட்டல் துரைமார் குரலில், "குவைட் குட்," என்றான்.

அவளுக்கு முகம் மலர்ந்தது. "அவ்வளவு நல்லாவா இருக்கு?"

ஜூட்சன் சிரித்தான். "ஐயோ புள்ள, அது நல்லா இருக்குன்னு சொல்றது இல்ல. குக்குகிட்ட போயி 'குவைட் குட்'னு சொன்னாங்கன்னு சொன்னா அந்த மனுசன் மொகம் சுருங்கிரும். பிளேட்ட எடுக்கப் போனா பாதி சூப்பு மிச்சம் இருக்கும். மனசு நோகாம சொல்றாங்க, அம்புட்டுத்தான். நெசமாவே நல்லா இருந்தா வேற மாதிரி சொல்லுவாங்க, ரெண்டாவது தடவையும் கேப்பாங்க."

அவள் கையிலிருந்த அகப்பை குழம்புச் சட்டியிலேயே நின்றுவிட்டது. உங்களுக்கு நிச்சயமாகத் தெரியுமா என்று கேட்டாள். ஒன்பது வருடமாகத் தட்டு எடுக்கிறேன் என்றான் அவன். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு, என்ன ஆயிற்று என்றான்.

றொசானா பின்னறைக்குப் போனாள்.

[முதலில் நான் எழுதியது: 'அவள் உடனே ஹெலனுக்கு உண்மையை எழுதினாள்.' நல்ல வாக்கியம், நல்ல பெண். ஆனால் அப்படி நடக்கவில்லை. "ஒடனே எழுதல சார். மொதல்ல அவரு சொன்னது பொய்யா இருக்கணும்னு சாமிகிட்ட கேட்டுக்கிட்டே ஹெட்போன மாட்டினேன்," என்றாள்.]

ஆறாம் எண்ணைத் தேடி எடுத்தாள். அந்தச் சிறு இடைவெளி. "குவைட் குட், என்று நினைக்கிறேன்." குரல் கடைசியில் படி இறங்குவது போல இறங்கியது. அதை அவள் முன்பே பத்துத் தடவை கேட்டிருக்கிறாள். காதுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. காது சொன்னதைத் தள்ளிவிட்டு, வகுப்பில் படித்ததைப் பெட்டியில் போட்டிருக்கிறாள். அடுத்த ஆளை எடுத்தாள். அங்கேயும் குரல் இறங்கியது. அதற்கடுத்த ஆளும் அப்படியே.

நேரம் பன்னிரண்டு. லண்டன் ஒரு மணி என்றால் இங்கே ஐந்தரை.

6

நிஷாந்தியைக் கூப்பிட்டுச் சொன்னாள். நிஷாந்தி கதவைச் சாத்திவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

அவள் சொன்னதையெல்லாம் இங்கே எழுதினால் நீங்கள் அவளைத் தப்பாக நினைப்பீர்கள். நானும் முதல் தடவை அப்படித்தான் எழுதினேன், அவளைக் கொஞ்சம் கள்ளியாக. பிறகு யோசித்துப் பார்த்தேன். அவள் கேட்டதில் ஒன்றுகூட நியாயமில்லாத கேள்வி அல்ல. யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்று கேட்டாள். அவர்கள் ஊர்த் தலைவர் இருந்தால் நமக்கென்ன, போனால் நமக்கென்ன என்றாள். மெஷினைக் கொண்டுவர ஒரு காரணம் தேடிக்கொண்டிருக்கிறவர்களிடம் நாமே காரணத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பதா என்றாள். கடைசியாகச் சொன்னதை மட்டும் அவள் வாயாலேயே சொல்லவிடுகிறேன்.

"மறுபடி கொழும்புக்குப் போவச் சொல்றீங்களாக்கா?"

றொசானா அதுவரை யாருக்கும் சொல்லாத ஒன்றைச் சொன்னாள்.

அவளுக்குப் பத்து வயதாக இருந்தபோது அவர்கள் குடியிருந்த லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, ஒருவர் வந்தார். கையில் அட்டை, அதில் கட்டம் போட்ட தாள். எந்த வீட்டுக் கூரை எப்படியிருக்கிறது என்று எழுதிக்கொண்டு போக வந்தவர். அம்மா அவருக்குப் பிளேன்டீ கொடுத்தாள். கூரை எப்படிம்மா என்று கேட்டார். வீடு தேடி வந்த மனிதரிடம் குறை சொல்ல அம்மாவுக்கு வாய் வரவில்லை. "பரவாயில்லைங்க," என்றாள். அவர் 'நன்று' என்ற கட்டத்தில் ஒரு சரி போட்டார். ஒழுகுகிற இடத்தில் வைத்த பேசின் அவர் காலடியிலேயே இருந்தது. அவர் பார்க்கவில்லை, அம்மா காட்டவுமில்லை. அந்த வருடம் கீழ் லயத்துக்குப் புதுத் தகரம் வந்தது. இவர்கள் வரிசைக்கு வரவில்லை. இன்னும் நாலு மழைக்காலம் பேசினோடு போயிற்று.

"அந்தாளு பொய் எழுதல. அம்மாவும் பொய் சொல்லல," என்றாள் றொசானா. "இன்னைக்கு அந்த அட்டை என் கையில இருக்கு நிஷா."

நிஷாந்தி எழுந்து போனாள். கோபித்துக்கொண்டு போகிறாள் என்றுதான் றொசானா நினைத்தாள். ஐந்து நிமிடத்தில் தன் லெப்டொப்போடு திரும்பி வந்து, "என் மூணு ஊர்ல எத்தனை எடத்துல வருது, தேடிச் சொல்லுங்க," என்றாள்.

ஒன்பது ஊரிலும் சேர்த்து நாற்பத்தொரு இடம். ஒவ்வொன்றையும் இரண்டு பேரும் தனித்தனியே கேட்டார்கள். தட்டுப்பட்ட குழப்பங்களுக்கு ஜூட்சனைக் கூப்பிட்டு ஹெட்போனைக் கொடுத்தார்கள். அவன் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "இந்தாளு மிச்சம் வைப்பான்," என்பான். அல்லது, "இந்தம்மா முழுசா சாப்பிடும்." மூன்று மணிக்குப் புதிய எண்கள் வந்தன. முப்பத்தெட்டில் முப்பத்து மூன்று பேர் 'மிக நன்று' பெட்டியை விட்டு இறங்கியிருந்தார்கள். சிலர் 'நன்று', பலர் 'பரவாயில்லை'.

கடிதம் எழுதுவதுதான் கடினமாக இருந்தது. முதல் கடிதத்தில் மன்னிப்பு மூன்று இடத்தில் வந்தது. இரண்டாவதில் என் வகுப்பின் மேல் பழி போட்டிருந்தாளாம். அதை அழித்ததற்கு அவளுக்கு என் நன்றி. எழுதி அழிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த ஜூட்சன் சொன்னான்: "உப்பு கூடிப்போச்சுன்னா சூப்பு கிச்சன விட்டுப் போறதுக்கு முந்தி சொல்லிறணும். எப்படிக் கூடுச்சுன்னு பொறகு சொல்லிக்கலாம்."

மூன்று வரியில் எழுதினாள். நான் 'குவைட் குட்' என்பதைத் தவறாகப் புரிந்துகொண்டேன். திருத்திய எண்களை இணைத்திருக்கிறேன். பழைய எண்களை அனுப்ப வேண்டாம்.

அப்போது மழை பிடித்தது. பிடித்தால் அந்த மலையில் சிக்னல் நிற்காது. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

7

ரயில் நிலையத்தடியில் சிக்னல் கொஞ்சம் நிற்கும். லெப்டொப்பை உரப்பையில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு றொசானா குறுக்குப் பாதையில் இறங்கினாள். ஜூட்சன் குடையை அவளுக்கும் பிடிக்காமல் தனக்கும் பிடிக்காமல் லெப்டொப்புக்குப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தான். மேடை வாங்கில் உட்கார்ந்து, நனைந்த விரலைப் பாவாடையில் துடைத்து, அனுப்பினாள். போயிற்று. மணி நாலு பத்து.

பிறகு செய்ய ஒன்றும் இருக்கவில்லை. தண்டவாளத்துக்கு அப்பால் தேயிலை மழையில் பளபளத்தது. (பார்த்தீர்களா, எப்படியோ தேயிலை வந்துவிட்டது.) ஜூட்சன் ஸ்டேஷன் மாஸ்டரிடம் சிங்களத்தில் வண்டி எவ்வளவு பிந்தும் என்று விசாரித்தான். அவனுக்கு எங்கேயும் போக வேண்டியிருக்கவில்லை. பேச ஏதாவது வேண்டியிருந்தது.

நாலரைக்குச் சற்று முன்பு ஹெலன் அழைத்தாள். எழுதித்தான் பழக்கம், அழைப்பது அபூர்வம். றொசானா எழுந்து நின்று பேசினாள்.

"இதை எப்படிக் கண்டுபிடித்தாய்?" என்பதுதான் ஹெலனின் முதல் கேள்வி.

றொசானா உண்மையைச் சொன்னாள். என் கணவர் ஹோட்டலில் மேசைக்குப் பரிமாறுகிறார், மிச்சம் வைக்கிறவர்கள் சொல்லும் சொல் அது என்று சொன்னார்.

அந்தப் பக்கம் ஒன்றும் கேட்கவில்லை. சிக்னல் போய்விட்டதோ என்று றொசானா திரையைப் பார்த்தாள். போகவில்லை. ஹெலன் சிரித்துக்கொண்டிருந்தாள். கேலிச் சிரிப்பல்ல. மூச்சு திரும்பி வந்தவள் சிரிக்கிற சிரிப்பு.

அறிக்கை இன்னும் போகவில்லை என்றாள். எண்களைப் பார்த்ததிலிருந்து தனக்கும் மனதில் ஏதோ உறுத்திக்கொண்டே இருந்ததாம். எங்கள் சனம் ஒரு அரசியல்வாதியை இவ்வளவு புகழ்ந்து நான் கேட்டதேயில்லை, ஊர் மாறிவிட்டதோ என்று நினைத்தேன் என்றாள். சந்தேகத்தில் முதல்நாள் மெஷினிலும் போட்டுப் பார்த்தாளாம். மெஷினும் 'மிக நன்று' என்றே சொல்லிவிட்டதாம். அதனால்தான் அனுப்பத் துணிந்தேன் என்றாள். அனுப்பியிருந்தால் என் பெயர்தான் கெட்டிருக்கும், எந்தச் சொல் எவ்வளவு எடை என்று உனக்குச் சொல்லித்தராமல் பெட்டியை மட்டும் கொடுத்தது என் பிழை என்றாள்.

றொசானா கேட்க வேண்டியதைக் கேட்டாள். "எங்கள் வேலை?"

"திங்கட்கிழமை அடுத்த ஊர்கள் வருகின்றன," என்றாள் ஹெலன். "இரண்டு பேரும் வேண்டும். உன் கணவரையும் கேட்டதாகச் சொல்."

றொசானா வாங்கில் உட்கார்ந்தாள். நிஷாந்திக்குப் போன் எடுத்துச் சொன்னாள். நிஷாந்தி முழுதும் கேட்டுவிட்டு, பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறேன், பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டாள். குழாய் திறந்திருக்கிற சத்தமே இல்லையே என்று றொசானா நினைத்தாள்.

8

இதழாசிரியர் மறுபடியும் கூப்பிட்டார். கட்டுரை எங்கே, தலைவர் எப்படித்தான் செய்கிறார், ஒரு வரியாவது சொல்லுங்கள் என்றார். இதோ அந்த வரி: எழுபத்திரண்டு பேரில் ஐந்து பேர் அவரை மெச்சுகிறார்கள், பெரும்பாலானோர் மனம் நோகாமல் பேசுகிறார்கள், ஒருவருக்கு அவர் யாரென்றே தெரியவில்லை. அவர் எது அழுக்கு என்று சரியாகச் சொல்கிறார் என்றும் துடைப்பத்தை எடுப்பாரா தெரியவில்லை என்றும் ஒரு துப்புரவுத் தொழிலாளி சொன்னாள். இதைவிட நன்றாக எந்த வெளிநாட்டுப் பக்கக்காரனாலும் எழுத முடியாது.

அவர் பதவியில் நிலைத்தாரா? இரண்டு முடிவு எழுதிவைத்திருந்தேன். ஒன்றில், அறிக்கையைப் படித்த குழு அவரை இறக்கிவிடுகிறது. அவர் வாசலில் நின்று நன்றி சொல்லிவிட்டுப் போகிறார். மற்றதில், அவரே அதைப் படிக்கிறார், ஆறாம் எண்ணின் வரிக்குக் கீழே கோடு போடுகிறார், அடுத்த புதன்கிழமை வேறு மாதிரி எழுந்து நிற்கிறார். இரண்டையும் அடித்துவிட்டேன். உண்மையான எண்கள் உரிய இடத்துக்குப் போயின. அதற்குப் பிறகு அவர் பாடு, அவர் கட்சி பாடு.

எனக்குச் சொல்லத் தெரிந்தது அந்த மேடையில் நடந்தது மட்டும்தான். பதுளை வண்டி ஒன்றரை மணிநேரம் பிந்தி வந்து நின்றது. ஜன்னலெல்லாம் வெளிநாட்டுப் பிள்ளைகள் கைத்தொலைபேசியை நீட்டிக்கொண்டிருந்தார்கள். றொசானா திடீரென்று எழுந்து, நானுஓயாவுக்கு இரண்டு டிக்கட் எடுங்க என்றாள். எதற்கு என்றான் ஜூட்சன். சும்மா என்றாள். வீடு திறந்து கிடக்கிறதே என்றான். நிஷா பார்த்துக்கொள்வாள் என்றாள். அவள் சும்மா எங்கேயாவது போய் எத்தனை வருடம் என்று அவனுக்கும் ஞாபகமில்லை. ஓடிப்போய் டிக்கட் எடுத்தான்.

மூன்றாம் வகுப்புக் கதவடியில், ஈரச் சட்டையோடு, உரப்பையில் சுற்றிய லெப்டொப்பை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் நின்றார்கள். கிரேட் வெஸ்டர்ன் ஸ்டேஷன் தாண்டியது. மழை விட்டது. ரதல்லை தாண்டும்போது றொசானா அவன் காதடியில் ஏதோ சொன்னாள். அவன் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தான். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தானாம்.

என்ன சொன்னாய் என்று கேட்டேன். அது கதைக்கு வேண்டாம் சார் என்றாள். நானாக மூன்று வாக்கியம் போட்டுப் பார்த்தேன். ஒன்று சினிமா வசனமாகப் போயிற்று, ஒன்று பொய்யாகப் போயிற்று, மூன்றாவது எனக்குப் பிடித்தது, அவளுடையதல்ல.

உங்களுக்கு ஏதாவது கேட்டால் எழுதிக்கொள்ளுங்கள். வண்டி மெதுவாகத்தான் ஏறுகிறது. நானுஓயா போய்ச்சேர இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது.